பொத்தானைத் தைத்த நூல்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் இதயநோய்ப் பிரிவின் இ.சி.ஜி. அறையில் நெடுங்காலமாகப் பணிபுரியும் டெக்னீசியன் அம்மையார், எடுத்து முடித்த தாளைத் தாமே கொண்டு வந்தார். வழக்கமாக அத்தாள் நோயாளியின் கையில்தான் எங்களிடம் வந்து சேரும். “டாக்டர், தாளைப் பாக்கறதுக்கு முன்னாடி அந்தத் தம்பியோட உள்ளங்கையை ஒரு தடவை பாருங்க” என்றார்.

தம்பிக்கு வயது 16. பள்ளிக் கபடி அணியில் பாடிச் செல்வதில் பெயர் பெற்றவன். இரண்டு நாள் முன்னர் நடந்த ஆட்டத்தில், எதிரணியினர் ஒருவரும் தொடுவதற்கு முன்பே, நடுக்கோட்டருகில் சரிந்து விழுந்திருக்கிறான். அரை நிமிடத்தில் தானே எழுந்துகொண்டதால், முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, வெயிலின் மேல் பழியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓராண்டுக்கு முன்பும் இவ்வாறே விழுந்தவன் என்பதால் தாய்க்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய பிடிவாதமே அவனை இங்கு கொண்டு வந்தது.

உள்ளங்கையைப் பார்த்தோம். தோல் மஞ்சள் படர்ந்து, மெழுகு பூசினாற்போல் தடித்திருந்தது. “மம்பட்டி புடிக்கிற கைங்க ஐயா. லீவு நாள்ல எங்கூட வயலுக்கு வந்துருவான்” என்றார் தந்தை. நியாயமான விளக்கம்தான். ஆனால் மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு, பிடி அழுந்தும் இடங்களில் மட்டுமே இருக்கும். இவனுக்கோ உள்ளங்கை முழுதும் தடித்திருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னபோது பாதமும் அப்படியே. தலைமுடி சீப்பு நுழையாதபடி கம்பளி போல் சுருண்டிருந்தது. பிறந்தது முதல் அப்படித்தான் என்றார் தாய். கடைக்குட்டிப் பெண்ணுக்கும் அதே முடி, அதே கை என்றும், மூத்த மகளுக்கு மட்டும் முடி நேராக இருப்பதாகவும் கூறினார்.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் எழுதியாக வேண்டும். முதல் முறை விழுந்தபோதும் அவன் எங்களிடம்தான் வந்திருந்தான். பழைய கோப்பைத் தேடி எடுத்தோம். மார்பில் ஒட்டும் முதல் மூன்று மின்முனைகளில், மேல்நோக்கி எழ வேண்டிய ‘டி’ அலை தலைகீழாக இருந்தது. சிறுவயதில் அது இயல்பு. பெரும்பாலோருக்கு 14 வயதுக்குள் நிமிர்ந்துவிடும். அவனுக்கு அப்போது 15. “வயதுக்குரிய மாற்றம், எக்கோ இயல்பு” என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தோம். சட்டையைக் கழற்றச் சொன்ன நாங்கள் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த ஓராண்டு முழுதும் அவன் கபடி ஆடியிருக்கிறான்.

தோலுக்கும் முடிக்கும் இதயத்துக்கும் என்ன உறவு என்று அந்தக் குடும்பம் எங்களைக் கேட்டது. அன்று அவசரத்தில் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இதே கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கும் வேறு குடும்பங்களும் இவ்விதழைப் படிக்கக்கூடும்.

நம் உடலின் செல் என்பது வெறும் நீர்ப்பை அன்று. அதற்குள்ளே புரத இழைகளால் ஆன ஓர் உள்சட்டகம் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல் அது செல்லுக்கு வடிவம் தருகிறது, இழுவையைத் தாங்குகிறது. தாங்கும் வேலையை முதன்மையாகச் செய்பவை இடைநிலை இழைகள் எனப்படும் ஒரு வகை. தோலிலும் முடியிலும் அவ்விழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இதயத்தசையில் டெஸ்மின் என்னும் புரதத்தால் ஆனது. ஆனால் ஒவ்வொரு செல்லும் தனக்குள் மட்டும் வலுவாக இருந்தால் போதாது. ஒரு செல்லின் கயிறு அடுத்த செல்லின் கயிற்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு கட்டும் முடிச்சுகளில் ஒன்றுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். கட்டு, உடல் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1920-இல் இடப்பட்ட பெயர் அது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடவும் சிறியது அந்த முடிச்சு.

அதன் அமைப்பை நோயாளிகளுக்கு விளக்க நாங்கள் ஒரு பிரஸ் பட்டனைக் காட்டுவது வழக்கம். பட்டனின் இரு பாதிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதைப் போல, அடுத்தடுத்த இரு செல்களிலிருந்து நீளும் டெஸ்மோகிளின், டெஸ்மோகொலின் என்னும் புரதங்கள் இடைவெளியில் கைகோத்துக்கொள்கின்றன. ஆனால் பட்டன் துணியில் தைக்கப்பட்டிருக்க வேண்டுமல்லவா? அந்தத் தையல் நூலாக இருப்பவை மூன்று புரதங்கள்: பிளாக்கோகுளோபின், பிளாக்கோஃபிலின், டெஸ்மோபிளாக்கின். முதல் இரண்டும் பட்டனின் அடிப்புறத்தைப் பற்றிக்கொள்கின்றன. டெஸ்மோபிளாக்கின் ஒரு முனையால் அவற்றையும், மறு முனையால் உள்ளிருக்கும் கயிற்றையும் பிடித்துக்கொள்கிறது. தையற்கடையில் கேட்டால் சொல்வார்கள், பழைய சட்டையில் பட்டன் உடைவது அரிது; பட்டனைத் தைத்த நூல்தான் விடும்.

(பட்டனே கவ்வ மறுக்கும் நோயும் உண்டு. பெம்பிகஸ் என்னும் கொப்புள நோயில், உடலின் எதிர்ப்பு ஆற்றலே டெஸ்மோகிளினைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. தோலின் செல்கள் பிரிந்து கொப்புளம் எழும்புகிறது. அது பெற்றோரிடமிருந்து மரபுப்பிழையாக இறங்கும் நோயன்று. எங்கள் தோல்நோய்ப் பிரிவினர் அதைப் பற்றி எழுதுவதே முறை.)

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் தசைச் செல்கள் தம் அண்டைச் செல்களை இழுக்கின்றன. நூல் செவ்வனே இருந்தால் இவ்விழுவை ஒரு பொருட்டன்று. நூல் நலிந்திருந்தால், சிறிது சிறிதாகச் செல்கள் பிடி தளர்ந்து மடிகின்றன. இதயத்தசைச் செல்கள் மடிந்தால் ஏறக்குறைய மீண்டும் முளைப்பதில்லை. அவ்விடத்தைத் தழும்பும் கொழுப்பும் நிரப்புகின்றன. சுவர் மெலிந்த வலது கீழறைதான் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படும். டெஸ்மோபிளாக்கினில் பிழை இருப்போருக்கு இடது கீழறை முந்திக்கொள்வதும் உண்டு.

தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வழி தவறி வட்டமிடும்போது, இதயம் கட்டுக்கடங்காத வேகத்தில் துடிக்கத் தொடங்குகிறது. மூளைக்குக் குருதி போதாமல் மயக்கம் வருகிறது. சில நொடிகளில் தானே அடங்கினால் மயக்கம் தெளிந்து எழுந்துவிடுவார்கள். அடங்காவிட்டால் உயிர் போய்விடும். இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. டெஸ்மோசோமின் அருகிலேயே செல்லுக்குச் செல் மின்செய்தியைக் கடத்தும் நுண்வாயில்கள் இருக்கின்றன. நூல் தளரும்போது அவையும் தம் இடத்தில் குறைந்துவிடுகின்றன. ஆகையால் தசை கண்ணுக்குத் தெரியும்படி கெடுவதற்கு முன்பே துடிப்புக் கெடலாம். எக்கோ இயல்பு என்று நாங்கள் எழுதியது பொய்யன்று. அதைக் கொண்டு நிம்மதி அடைந்ததுதான் தவறு. இந்நோயை அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி என்கிறோம். 2,000 முதல் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு.

இந்தப் புரதங்களுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு பெருநகர ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய கதையன்று. ஏஜியன் கடலில் நாக்ஸோஸ் என்றொரு கிரேக்கத் தீவு இருக்கிறது. அங்கே பணியாற்றிய மருத்துவர் நிகோஸ் புரோட்டோனோட்டாரியோஸும் அவருடைய குழுவினரும், நான்கு குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேரிடம் கம்பளி முடி, தடித்த உள்ளங்கை, இதயத்தசை நோய் ஆகிய மூன்றும் ஒன்றாக இருப்பதைக் கண்டு 1986-இல் எழுதினார்கள். முடியையும் கையையும் இதயத்தையும் ஒரே பார்வையில் சேர்த்துக் கண்டதே அவர்களுடைய பெருமை. அதற்கான காரணம் பிளாக்கோகுளோபின் மரபணுவில் இரண்டே எழுத்துகள் விடுபட்ட பிழை என்பது 2000-இல் தெரியவந்தது. இடையில், 1998-இல், ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் லூயிஸ் கார்வஹால் இதைப் போன்ற குடும்பங்களை விவரித்தார். அங்கே பிழை டெஸ்மோபிளாக்கினில் இருந்தது. இத்தகைய குடும்பங்கள் இந்திய மருத்துவ இதழ்களிலும் பதிவாகியுள்ளன.

நாக்ஸோஸ் குழந்தைகளிடம் நோய் தோன்றும் வரிசையை நாங்கள் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு. முடி பிறக்கும்போதே கம்பளியாக இருக்கும். உள்ளங்கையும் பாதமும் பிறக்கும்போது மிருதுவாகவே இருக்கும். குழந்தை கையூன்றித் தவழவும் காலூன்றி நிற்கவும் தொடங்கிய பிறகுதான் தடிக்கும். இதயத்தின் நோய் வளரிளம் பருவத்தில், ஓட்டமும் ஆட்டமும் மிகும் வயதில் வெளிப்படும். பிழை கருவிலேயே இருந்தும், எந்த உறுப்பின் மேல் எப்போது இழுவை விழுகிறதோ அப்போதுதான் அது தன்னைக் காட்டுகிறது.

எங்கள் தம்பிக்குக் கபடியை நிறுத்தச் சொன்னதற்குக் காரணமும் இதுவே. “ஓடுனா இதயத்துக்கு நல்லதுன்னு நீங்கதானே டாக்டர் போர்டு வச்சிருக்கீங்க?” என்று அவன் கேட்டான். புறநோயாளிகள் பகுதியில் அப்படியொரு பலகை இருப்பது உண்மைதான். ஏனைய அனைவருக்கும் அது பொருந்தும்; நூல் நலிந்த இதயத்துக்குப் பொருந்தாது. பிளாக்கோகுளோபின் பாதியாகக் குறைந்த எலிகளைத் தொடர்ந்து நீந்தப் பழக்கியபோது, அவற்றின் வலது கீழறை விரைவாக விரிந்ததை 2006-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், டெஸ்மோசோம் மரபணுப் பிழையுள்ள மனிதர்களைப் பற்றி எழுதினார்கள். மூச்சு வாங்கும் நெடுநேரப் பயிற்சிகளில் ஈடுபட்டோருக்கு நோய் இளம் வயதிலேயே வெளிப்பட்டதையும், ஆபத்தான துடிப்புச் சீர்கேடு மிகுந்திருந்ததையும் கண்டார்கள். ஆட்டத்தை நிறுத்துவது பயந்தவர்கள் சொல்லும் அறிவுரை அன்று. இந்நோயில் அது மருந்தின் ஒரு பகுதி.

இத்தாலியின் படுவா நகர மருத்துவர்கள், திடீரென இறந்த 35 வயதுக்குட்பட்ட 60 பேரின் இதயங்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட கட்டுரையில், 12 பேரிடம் இந்நோய் இருந்தது. அந்நாட்டில் போட்டி விளையாட்டுகளில் சேர்வோருக்கு இ.சி.ஜி. உட்பட்ட பரிசோதனையை 1982 முதல் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன் பின் அப்பகுதி விளையாட்டு வீரர்களிடையே திடீர் இதயச் சாவு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. எல்லா நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஊர்த் திருவிழாக் கபடிக்கு வரும் அனைவருக்கும் இ.சி.ஜி. எடுப்பது நடவாத காரியம் என்றே நாங்களும் கருதுகிறோம். ஆனால் ஆடும்போதோ ஓடும்போதோ மயங்கி விழுந்த பிள்ளையை, மறுபடி களத்தில் இறக்குமுன் இதயநோய் மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். அதில் எங்களுக்கு ஐயமில்லை. வலிப்பு என்றும் வெயில் என்றும் விரதம் என்றும் முடிவு கட்டுவது அதன் பிறகு நடக்கட்டும். விழுந்தவர் அசைவற்று, மூச்சின்றிக் கிடந்தால் சோடாவைத் தேடாதீர்கள். உடனே நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்கி, வேறொருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

தடித்த உள்ளங்கை உள்ள எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளங்கை தடிக்கப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இதயத்தைத் தொடுவதில்லை. சுருட்டை முடி அழகுக்குரியது. மறுபுறம், இந்நோய் உள்ளோரில் பெரும்பாலோருக்குத் தோலிலோ முடியிலோ எந்த அடையாளமும் இராது. அவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை பிளாக்கோஃபிலினில் உள்ளது. அது தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிள்ளைகளுக்கு இறங்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இறங்கியவர் எல்லோரும் நோயுறுவதும் இல்லை.

தம்பிக்கு 24 மணி நேர ஹோல்டர் பதிவும் எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தோம். வலது கீழறை விரிந்திருந்தது. அதன் சுவரில் தழும்பு தெரிந்தது. குருதியிலிருந்து செய்த மரபணுச் சோதனையில், பிளாக்கோகுளோபின் மரபணுவின் இரு பிரதிகளிலும் பிழை இருந்தது. நாக்ஸோஸில் கண்ட அதே பிழையன்று. அதே மரபணுவில் வேறோர் இடம்.

இரு பிரதிகளிலும் என்றால், ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. அவர்கள் இருவரும் அத்தை மகன், மாமன் மகள். முடிவைக் கேட்டதும் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சொந்தத்துல கட்டுனதுதான் தப்பாப் போச்சா ஐயா?” என்றார். மாமியாரும் அருகில் அமர்ந்திருந்தார். அந்தக் கேள்விக்கு அவர் முன்னால் விடை சொல்வது எளிதாக இல்லை. நாங்கள் சொன்னது இதுதான். இத்தகைய மறைந்த பிழைகள் எல்லா மனிதரிடமும் சில உண்டு. ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை அவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஒரே பாட்டன் வழி வந்த இருவர் மணந்துகொள்ளும்போது, ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியிருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். சொந்தத்தில் மணந்த மிகப் பல குடும்பங்களில் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். இது எவருடைய குற்றமும் அன்று. ஆனால் இனி அக்குடும்பத்தில் சொந்தத்துக்குள் பெண் பார்க்கவோ கொடுக்கவோ நினைப்பவர்கள், அதற்கு முன் மரபணு ஆலோசனைக்கு வர வேண்டும். “நான் கூட்டியாறேன்” என்றார் மாமியார். சொன்னபடியே அடுத்த மாதம் ஒன்பது பேரை அழைத்து வந்தார்.

மூத்த மகளுக்கு ஒரு பிரதியில் மட்டுமே பிழை. அவள் இதயம் நலமாக இருக்கிறது. 11 வயதுக் கடைக்குட்டிக்கு, அண்ணனைப் போலவே, இரண்டிலும். அவளுடைய இ.சி.ஜி.யும் எக்கோவும் இன்றளவும் இயல்பாகவே உள்ளன. இம்முறை நாங்கள் அதைக் கண்டு நிம்மதி அடையவில்லை.

நலிந்த நூலை மாற்றித் தைக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. பிளாக்கோஃபிலின் மரபணுவின் நல்ல பிரதியைத் தீங்கற்ற வைரஸ் ஒன்றில் ஏற்றி இதயத்துக்குள் அனுப்பும் தொடக்கநிலைச் சோதனைகள் அயல்நாடுகளில் மனிதர்களிடம் நடைபெறுகின்றன. அதுவரை எங்களிடம் இருப்பவை துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், தேவைப்பட்டால் தழும்பைச் சுற்றும் மின்பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை, ஆபத்து மிகுந்தோருக்கு ஐ.சி.டி. என்னும் உட்பொருத்து கருவி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைக்கப்படும் அக்கருவி, துடிப்பு எல்லை மீறினால் தானே மின்னதிர்வு கொடுத்து நேராக்கும். தம்பிக்கு அதைப் பொருத்தினோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குறித்தும் ஏனைய உதவிகள் குறித்தும் எங்கள் மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேட்டறியலாம்.

எட்டு மாதம் கழித்து, பள்ளிக்குச் செல்லும் டவுன் பஸ் புறப்பட்டுவிட்டதைக் கண்டு அவன் ஓடியிருக்கிறான். “மாடு முட்டுன மாதிரி இருந்துச்சு டாக்டர்” என்றான். கருவியின் பதிவைப் படித்துப் பார்த்தோம். நிமிடத்துக்கு 240-ஐத் தாண்டிய துடிப்பு. ஒரே அதிர்வில் நேராகியிருந்தது. பஸ் நின்றதா என்று கேட்டோம். நின்றதாம், கண்டக்டர் ஏற்றிக்கொண்டு நேரே இங்கே கொண்டு வந்து விட்டாராம். பிறகு எவரும் சொல்லாமலே அவன் ஓடுவதை விட்டுவிட்டான். இப்போது அணிக்கு ஸ்கோர் எழுதுகிறான். எதிரணியில் யார் எந்தக் காலை முன்வைத்துப் பாடி வருவார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்திருக்கிறான். கடைசியாக வந்தபோது அந்த நோட்டை எங்களுக்கும் காட்டினான்.

அன்று அவன் தாய், சின்னவளைப் பற்றி ஒரு பட்டியலோடு வந்திருந்தார். சைக்கிளில் பள்ளிக்குப் போகலாமா? போகலாம்; சமதரையில், பேச்சு மூச்சு தடைபடாத வேகத்தில். பள்ளி விளையாட்டு விழா? ஓட்டப் பந்தயமும் கோகோவும் வேண்டாம். ஆசிரியருக்கு நாங்கள் கடிதம் தருகிறோம். கோயில் மலைப் படிகள்? உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும். மூச்சு வாங்கினால் பாதியில் திரும்பிவிடுங்கள். பரதநாட்டிய வகுப்பு? இந்தக் கேள்விக்கு மட்டும் நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. வகுப்பில் என்ன ஆடுகிறாள் என்பதை ஹோல்டர் கருவியை மாட்டிக்கொண்டே ஆடிப் பார்க்கட்டும் என்றோம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறது.

“தெருக்குழாயிலேர்ந்து தண்ணிக் குடம் தூக்குறா. அதுங்க?”

பிளாஸ்டிக் குடம் ஒன்றை இடுப்பில் வைத்து நடந்து வருவதில் தவறில்லை, இரண்டு வேண்டாம் என்றோம். “ரெண்டாவது குடத்தை நான் தூக்கிக்கறேன்” என்றான் தம்பி. கருவி பொருத்திய இடது தோளைத் தொட்டுக் காட்டி, வலது பக்கத்தில் தூக்கச் சொன்னோம்.